பாலிசிக்காகக் கொலை: தூக்குக்கு அப்புறம்?

கேள்வி: அண்ணாச்சி, இன்ஷூரன்ஸ் பாலிசிப் பணத்துக்காக மனைவியைக் கொன்னவனுக்கு நெல்லை செஷன்ஸ் கோர்ட்டு தூக்கு கொடுத்தா உடனே போட்டிருவாங்களா? நாமினியே அவன்தான், பணம் யாருக்கு?

பதில் 1: உடனே முடியாது. பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 407-ம் பிரிவுப்படி வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யணும். அவன் அப்பீல் போட 30 நாள். 1980-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த பச்சன் சிங் தீர்ப்புப்படி கொடூரம் மட்டும் போதாது, திருந்த வாய்ப்பிருக்கான்னும் பார்க்கணும். பல தூக்கு ஆயுள் தண்டனையாகிறது இந்தக் கட்டத்தில்தான்.

பதில் 2: கொன்னவனுக்குச் சல்லிக்காசு கிடையாது, கிடைக்கவும் கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 25-ம் பிரிவு அவனை விலக்குது. பிள்ளைகளுக்காக காப்பாளர் கிளெய்ம் போடலாம்: எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, தீர்ப்பு நகல் வேணும். தகராறு வந்தா தாசில்தார் தர்ற வாரிசு சான்று பத்தாது, கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கணும்.

பதில் 3: முதல்ல பாலிசி விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பொண்ணு கையெழுத்தைப் பாருங்க. கள்ளக் கையெழுத்துன்னா பாலிசியே செல்லாதுன்னு ஆகலாம், பிள்ளைகளுக்கும் சிக்கல்.