பைன் தளிரில் ரூட்டிங்: வேரூன்றலா, வேர்வருவிப்பா?

நண்பர்களே,

'ரூட்டிங்' (rooting) என்பதற்குத் தமிழில் 'வேரூன்றல்' என்பது காதுக்கு இதமான சொல்தான். ஆனால் திசு வளர்ப்பில், அதாவது செடியின் துண்டைக் குடுவையில் வளர்க்கும் முறையில், இருக்கும் பைன் தளிருக்கு அது ஒத்துவராது. ஊன்ற மண் வேண்டும். குடுவையில் இருப்பதோ அகார் என்னும் கடற்பாசிக் கூழ். அங்கே வேர் தோன்றுகிறது, அவ்வளவுதான். அதையும் பெரும்பாலும் நாம்தான் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்துத் தோன்ற வைக்கிறோம்.

சொல் பிசகினால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பைனில் முழுகும். தளிரின் அடியை இண்டோல் பியூட்டிரிக் அமிலம் போன்ற ஆக்சினில் சில நாள் வைத்து, அப்புறம் ஆக்சின் இல்லாத வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றுவது வழக்கம். ஆக்சினிலேயே விட்டுவிட்டால் வெட்டுவாயில் கேலஸ் (உருவமற்ற திசுத் திரள்) பருக்கும், வேர் நீள்வதும் தடைப்படும். சில சமயம் அந்தக் கேலஸிலிருந்தே வேர் கிளம்பும். பார்க்க நல்ல வேர்தான். ஆனால் தண்டில் நீர் கடத்தும் சைலத்தோடும் உணவு கடத்தும் ஃபுளோயத்தோடும் அதற்குச் சரியான இணைப்பு இருக்காது. மண்ணுக்கு மாற்றினால் தளிர் வாடிவிடும். குடுவையில் எண்ணும்போது அதையும் 'வேரூன்றியது' என்றுதானே எழுதியிருப்போம்!

ஆக, குடுவைக்கு ஒரு சொல், மண்ணுக்கு ஒரு சொல் வேண்டும்.

முதலில் 'வேர்ப்பித்தல்' என்று பிறவினை ஆக்கிப் பார்த்தேன். தளிருக்கு வியர்க்க வைப்பதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன். 'வேர்விடுவித்தல்' என்றால் வேருக்கு விடுதலை வாங்கித் தருவதுபோல் இருக்கிறது. 'வேர் வருவித்தல்' சரியாகப் பொருந்துகிறது. இலக்கண உரைகளில் 'வருவித்து உரைத்தல்' பழகிய சொல்தான்: அங்கே இல்லாததைக் கொண்டுவருவது. தண்டில் இல்லாத வேரைக் கொண்டுவருவது வேர்வருவிப்பு. அதில் ஆக்சின் நாட்களை மட்டும் வேர்த்தூண்டல் எனலாம். மண்ணில் நடப்பதற்குப் புதுச்சொல் எதற்கு? பதியன் போடுகிறவர்கள் சொல்லும் 'வேர்பிடித்தல்' இருக்கிறதே. '60 தளிர்களில் வேர் வருவித்தோம், 40 வேர்பிடித்தன' என்று எழுதினால் குழப்பமே இல்லை.

பைனைத் தேவதாரு என்று மாற்ற வேண்டாம், அது வேறு மரம். ஊசியிலை மரம் என்றால் ஸ்புரூஸ் போன்ற மற்ற மரங்களும் உள்ளே வந்துவிடும். பைன் பைனாகவே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இளங்கன்றிலிருந்து எடுத்த தளிர் ஓரளவு சொன்னபடி கேட்கும்; முதிர்ந்த மரத்துத் தளிர் என்ன செய்தாலும் எளிதில் வேர் தராது. அந்தக் குணத்துக்கு 'வேர்மறுப்பு' என்று வைக்கலாமா? 'வேர் அடம்' என்று சொல்லத்தான் வாய் வருகிறது, கட்டுரையில் எழுதத்தான் கை வரவில்லை.