லேப்டாப் ஊர்கிறது, டிஸ்க் 100% காட்டுகிறது: சர்வீஸுக்கு அழைக்கும் முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். எங்கள் வீட்டு லேப்டாப் 2022-இல் வாங்கியது. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். நீட்டித்த வாரன்டி இன்னும் இருக்கிறது. போன மாதம் வரை நன்றாகத்தான் ஓடியது. இப்போது ஆன் செய்தால் திரை வந்த பிறகும் எதுவும் திறப்பதில்லை. வேர்டில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் தாமதமாக வந்து விழுகின்றன. கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்கிறது. நான் வீட்டிலிருந்து புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். இது பிழைப்பு விஷயம். கம்பெனிக்கு அழைத்தால் முதலில் எல்லாவற்றையும் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும் ரீசெட்டைத்தான் செய்யச் சொல்வார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. பையனின் ப்ளஸ் டூ பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட்டால் வந்த வினை என்பது என் சந்தேகம். தினமும் இரவு ஷட் டவுன் செய்துவிடுகிறேன். அழைப்பதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

நொய்யல்:
அக்கா, முதல் வேலை பேக்கப். எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி, படங்களையும் குறிப்புகளையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். அது முடியும் வரை வேறெதையும் தொட வேண்டாம். நெட்டில் பலர் டிஸ்க்கைச் சோதிக்கும் 'செக்டிஸ்க்' கட்டளையை ஓட்டுங்கள் என்பார்கள். டிஸ்க்கே பழுதாகிக் கொண்டிருந்தால் அந்த முழுச் சோதனை அதை மணிக்கணக்கில் உருட்டி நிலைமையை மோசமாக்கிவிடலாம்.

அப்புறம், ஷட் டவுன் செய்கிறேன் என்றீர்கள். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவை அழுத்தினால் கீழே 'அப் டைம்' என்று ஒன்று இருக்கும், கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. அது என்ன காட்டுகிறது? அதே பக்கத்தில் டிஸ்க்கை அழுத்தி, எஸ்எஸ்டியா (சிப்பில் சேமிக்கும் வேகமான வகை) ஹெச்டிடியா (சுழலும் தகடு கொண்ட பழைய வகை) என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
பேக்கப் எடுத்துவிட்டேன் தம்பி, ராத்திரி முழுக்க ஓடியது. டிஸ்க் ஹெச்டிடி என்று இருக்கிறது. ஆனால் அப் டைம் நாள்கணக்கில் காட்டுகிறதே! நேற்று இரவுகூட அணைத்துவிட்டுத்தானே படுத்தேன்?

நொய்யல்:
அது சரிதான், பயப்படாதீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் செய்தால் நீங்கள் திறந்தவை மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்துப் போடப்படும். வேகமாக ஆன் ஆவதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால் உள்ளே ஏதாவது சிக்கிக் கிடந்தால், ஷட் டவுனில் அது போகாது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கணினி கோளாறு செய்தால் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். இதைத் தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய.

கருப்பட்டி:
ரீஸ்டார்ட்டில் சரியாகவில்லை என்றால், அப்டேட் மேல் பழி போடும் முன் ஒன்று பாருங்கள் அம்மா. ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம் இருக்கும். எந்த மென்பொருள் செயலிழந்தது என்பதற்குச் சிவப்புக் குறி. அன்றைக்கு என்ன நிறுவப்பட்டது, எந்த அப்டேட் வந்தது என்பதும் அந்தத் தேதியை அழுத்தினால் தெரியும். விண்டோஸில் எனக்குப் பிடித்த கருவிகளில் முதலிடம் இதற்குத்தான். 'எப்போதிருந்து இப்படி' என்ற கேள்விக்கு நம் ஞாபகம் தடுமாறும். இது தேதியோடு பதில் சொல்லும். சிவப்புக் குறிகள் தொடங்கும் தேதிக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

வைகைக்கரை:
ரீஸ்டார்ட் கொடுத்ததும் கொஞ்ச நேரம் பரவாயில்லை, மறுபடி பழைய கதைதான். அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அப்டேட் வந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் சிவப்புக் குறியே இல்லை. குறிகள் தொடங்கியது ஒரு ஆன்டிவைரஸ் நிறுவிய நாளுக்கு மறுநாள். பிரிண்டர் வாங்கிய கடையில் கூடவே கொடுத்தார்கள், பையன் போட்டான்.

கருப்பட்டி:
அப்படியானால் அப்டேட் தப்பித்தது! லேப்டாப் வாங்கும்போதே சோதனைக் காலத்துக்கென்று வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே வந்ததா? 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' அழுத்துங்கள். அங்கே எத்தனை பெயர் இருக்கின்றன?

வைகைக்கரை:
விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் தவிர இரண்டு பெயர்கள். ஒன்று லேப்டாப்போடு வந்தது, காலாவதியாகி ரொம்ப நாளாயிற்று. அது தானாகவே நின்றிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கருப்பட்டி:
சந்தா முடிந்தாலும் அது உள்ளேதான் உட்கார்ந்திருக்கும். பலவற்றில் காவல் பகுதி தொடர்ந்து ஓடும். வெளியிலிருந்து ஒரு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியார் இருவர் இருந்தால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால் முதலாவது அதைச் சோதிக்கத் திறக்கும். 'யாரோ கோப்பைத் திறக்கிறார்கள்' என்று இரண்டாவதும் அதையே சோதிக்கும். எஸ்எஸ்டியாக இருந்தால் ஓரளவு தாங்கும். ஹெச்டிடியில் தகட்டின் மேல் ஊசி அங்கும் இங்கும் நகர்ந்துதான் படிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல இடங்களில் படிக்கச் சொன்னால் 100% ஆகாமல் என்ன செய்யும்?

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய் காலாவதியானதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் கட்டாயம் ரீஸ்டார்ட். அடம்பிடித்தால், தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே அதை நீக்குவதற்கென்று தனிக் கருவி தருவார்கள். வேறு தளங்களில் எடுக்காதீர்கள்.

நொய்யல்:
அன்இன்ஸ்டால் ஆகாமல் தொங்கினால், தேவையானவை மட்டும் ஓடும்படி விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோடில் முயலலாம். ஆனால் அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் ஏற்பாடான பிட்லாக்கரின் சாவி கையில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டுக் குறியீட்டில் இருக்கும். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம், அதுதான் அந்தச் சாவி. கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் நமக்கு இல்லை. செல்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். இன்றைக்குத் தேவைப்படாவிட்டாலும் எழுதி வையுங்கள் அக்கா. இது இல்லாமல் படங்களைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:
நான் ஒரு கணினி நிறுவனத்தின் தொலைபேசி உதவிப் பிரிவில் இருக்கிறேன். ரீசெட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களால் உங்கள் மேசைக்கு வர முடியாது. ஒரு அழைப்புக்குள் காரணம் பிடிபடாவிட்டால், மென்பொருள் பக்கத்தை மொத்தமாகத் துடைத்துப் பார்ப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நிச்சயமான வழி. அதன் பிறகும் கோளாறு இருந்தால் ஹார்டுவேர் என்று முடிவு செய்து பாகம் மாற்ற எழுதிவிடலாம். எங்கள் நோக்கில் அது நியாயம், உங்கள் கோப்புகளின் நோக்கில் ஆபத்து. 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால்கூட கோப்புகள்தான் தங்கும். நீங்கள் நிறுவிய வேர்டு, தமிழ் தட்டச்சு மென்பொருள் எல்லாம் போய்விடும். உரிம எண்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அழைக்கவே நேர்ந்தால் லேப்டாப்பின் சீரியல் எண், விண்டோஸ் பதிப்பு (ரன் பெட்டியில் 'வின்வெர்' கட்டளை காட்டும்), ரிலையபிலிட்டி பட்டியலில் கோளாறு தொடங்கிய தேதி, இதுவரை செய்தவை, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழையுங்கள். பிழைச் செய்தி வந்தால் செல்பேசியில் படம் எடுங்கள். 'என்னவோ எரர் வந்தது' என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. இவ்வளவும் சொல்கிற வாடிக்கையாளரிடம் நாங்கள் ஆரம்பப் படிகளைத் திரும்பச் செய்யச் சொல்வதில்லை.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், எண்ணை கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் அங்கே நிறைய. வாரன்டி அட்டையில் அச்சிட்ட எண், அல்லது நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண் மட்டும். எடுத்த எடுப்பில் 'எனிடெஸ்க் (தூரத்திலிருந்து உங்கள் கணினியை இயக்கும் செயலி) போடுங்கள், ஓடிபி சொல்லுங்கள்' என்றால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. காலாவதியானது சாதாரணமாகவே நீங்கிவிட்டது, சேஃப் மோடு தேவைப்படவில்லை. ரீஸ்டார்ட் செய்த பிறகு முதலில் கொஞ்ச நேரம் டிஸ்க் ஏறுகிறது, அப்புறம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. வேர்டில் எழுத்து கூடவே வருகிறது. இன்று காலை ஒரு முழு அத்தியாயம் மெய்ப்புப் பார்த்து அனுப்பிவிட்டேன். பிட்லாக்கர் எண்ணும் எழுதியாயிற்று. புது ஆன்டிவைரஸையும் எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா?

கருப்பட்டி:
காசு கொடுத்தது என்றால் சந்தா முடியும் வரை இருக்கட்டும், ஆனால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இப்போதே நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. செலவழிக்கிற எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை ஒரு எஸ்எஸ்டிக்குப் போடுங்கள் அம்மா, நான்கு வருட லேப்டாப் புதிது போல ஓடும். வெளியில் கழற்றினால் வாரன்டி போகுமா என்று மட்டும் முதலில் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.