ஆர்க்: தாய் ரெக்ஸின் ஹெல்த் குட்டிக்கு ஏன் வரவில்லை?

முட்டை_மூட்டை
ஆர்க் சர்வைவல் இவால்வ்ட் என்ற டைனோசர் கேமில் பிரீடிங் (இனப்பெருக்கம்) பக்கம் இப்போதுதான் கால் வைத்திருக்கிறேன். நண்பனுடைய சின்ன சர்வர், ரேட் (குட்டி வளரும் வேகம் போன்றவை) எல்லாம் சாதாரணம். ஒரு பெண் ரெக்ஸ் டைனோசர் டேம் ஆகி (காட்டிலிருந்து பழகி) வந்தபோது ஹெல்த் 9000 பக்கம், அப்புறம் கிடைத்த லெவலை எல்லாம் ஹெல்த்திலேயே கொட்டி 14000 வரை கொண்டுபோனேன். ஆணுக்கு ஹெல்த் சுமார்தான், ஆனால் மெலீ (அடிக்கும் பலம்) பிரமாதம். ஒரு வாரம் காத்திருந்து மூன்று முட்டை பொரித்தால் ஒன்றுகூட 14000 இல்லை! மூன்றாவது குட்டி முதுகில் பச்சை நிறத்தோடு வேறு வந்திருக்கிறது, அப்பா அம்மா இரண்டிடமும் அந்த நிறமே கிடையாது. பக் ஏதாவதா?

பழைய_ரெக்ஸ்
பக் இல்லை ப்ரோ. டேம் ஆகி எழுந்த நிமிடம் என்ன இருந்ததோ அதுதான் பரம்பரைச் சொத்து, பிறகு நீங்கள் ஏற்றிய லெவல் எல்லாம் அந்த ரெக்ஸோடு போய்விடும். ஹெல்த், மெலீ போன்ற ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் தனித்தனியாகத்தான் சீட்டு விழும்: பெற்றோரில் உயர்ந்தது வர 55 சதவீதம், தாழ்ந்தது வர 45. ஹெல்த், மெலீ இரண்டும் நல்லதாகவே வர வேண்டுமென்றால் பத்தில் மூன்று குட்டி தேறும், கூடவே ஸ்டாமினா, வெயிட் என்று ஆசைப்பட்டால் நூற்றுக்கு ஒன்பதுதான். அதனால் மூன்று முட்டையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பெண் ஒருமுறை முட்டையிட்டால் அடுத்ததற்கு 18 முதல் 48 மணி நேரம் ஆகும், ஆணுக்கு அந்தக் காத்திருப்பே இல்லை, ஆகவே பெண்களைப் பெருக்குங்கள். டேம் ஆனதும் எண்களை ஒரு நோட்டில் குறித்துவிட்டு அப்புறம் லெவல் ஏற்றுங்கள்.

நிறம்பித்தன்
அந்தப் பச்சைக் குட்டியைத் தயவுசெய்து கொன்றுவிடாதீர்கள், அது மியூட்டேஷன் (மரபணு மாற்றம்)! ஒரு முட்டைக்கு மொத்தமாக ஏழு சதவீதம் அளவுக்குத்தான் வாய்ப்பு. ஏதோ ஒரு ஸ்டாட்டில் இரண்டு பாயின்ட் கூடியிருக்கும், எது என்று பெற்றோரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேகத்தில் விழுந்திருந்தால் வீண், ஓட்டம் அதிகரிக்காது, நிறம்தான் மிச்சம். (எனக்கு முதல் நான்கும் வேகத்தில்தான் விழுந்தன, வயிற்றெரிச்சல்.) மெலீயில் விழுந்து அது ஆணாகவும் இருந்தால் அதையே பொலிக்கு வைத்து, மியூட்டேஷன் கணக்கு (வம்சத்தில் இதுவரை விழுந்த எண்ணிக்கை) பூஜ்யமாக உள்ள பெண்களோடு சேருங்கள். பெற்றோர் இரண்டுக்கும் கணக்கு 20-ஐத் தொட்டுவிட்டால் புதிதாக எதுவும் விழாது, அதனால்தான் பெண்கள் சுத்தமாக இருக்க வேண்டும்.

பழைய_ரெக்ஸ்
தீவு மேப்பின் பாஸ்களை (பெரிய எதிரிகளை) காமாவில் (மிக எளிய நிலையில்) அடிக்கத்தான் என்றால் மியூட்டேஷன் தேவையே இல்லை என்பேன். ஒரே மாதிரி 19 ரெக்ஸ், ஒரு யூட்டி (கர்ஜித்து மற்றவற்றின் பலத்தைக் கூட்டும் டைனோசர்), நல்ல சேணம், வேலை முடிந்தது.

முட்டை_மூட்டை
மெலீதான் கூடியிருக்கிறது, ஆணும்கூட! இம்ப்ரின்ட் (குட்டியைப் பராமரித்துக் கிடைக்கும் பிணைப்பு) செய்தால் அதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகுமா?

நிறம்பித்தன்
போகாது. முழு இம்ப்ரின்ட்டுக்கு ஸ்டாட் 20 சதவீதம் வரை கூடும், வளர்த்த ஆளே ஏறி ஓட்டினால் அடியும் தாங்குதலும் இன்னொரு 30. சண்டைக்குப் போகிறவைக்கு மட்டும் செய்யுங்கள், பொலிக்கு நிற்பதற்கு எதற்கு அந்தத் தொல்லை? முட்டைக்கு 32 முதல் 34 டிகிரி இருக்கட்டும், ஏசி நிறைய வையுங்கள். குட்டி 10 சதவீதம் வளரும்வரை தொட்டியில் கிடக்கும் கறியைத் தொடாது, உங்கள் ரேட்டில் அதற்கே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், கையால் கறி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முட்டை_மூட்டை
ஒன்பது மணி நேரமா! அடுத்த முட்டை சனிக்கிழமைதான்.