மூன்று இன்டர்வியூவும் முதல் சுற்றோடு சரி. பிஸினஸ் அனலிஸ்ட் வேலைக்கு என்னிடம் என்ன குறை?

நிலாவெளிக் கணக்குப்பிள்ளை:
வணக்கம். வயது 27. திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவம் முடித்துவிட்டு, மூன்று வருடமாக நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்கும் முன்பதிவும் பார்க்கிறேன். பிஸினஸ் அனலிஸ்ட் வேலைக்கு (வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து, மென்பொருள் செய்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பது) மாற ஆறு மாதமாக முயற்சி. (வீட்டில் "பீ.ஏ. வேலை" என்று சொன்னேன். "பட்டம்தான் முடிச்சிட்டியே, இனி என்ன பீ.ஏ.?" என்கிறார் அம்மா.)

கொழும்புக் கொம்பனிகளோடு சூமில் மூன்று இன்டர்வியூ. ஒரு இடத்தில் மட்டும் காரணம் சொன்னார்கள்: அனுபவம் போதாதாம். எக்செல் நன்றாக வரும். ஆங்கிலம் எழுதுவேன், பேச்சில் தடுமாறும். கோடிங் தெரியாது. ஒரு பயிற்சி நிலையம் "சி.பி.ஏ.பி. என்ற அனலிஸ்ட் சான்றிதழ் வகுப்பில் சேருங்கள், வேலை நிச்சயம்" என்கிறது. கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சேரவா?

கோட்டைவாசல்:
கோடிங் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். முதலில் ஜாவா படியுங்கள்.

உப்புவெளி அக்கா:
ஜாவா எதற்குத் தம்பி? ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு வரி ஜாவா எழுதியதில்லை. எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்தில் இருந்து விவரம் கேட்டெடுக்கும் மொழி) வேண்டும், அதுவும் இரண்டு டேபிளைச் சேர்த்துத் தாமாகவே விவரம் எடுக்கும் அளவுக்கு.

தங்கச்சி, சேர வேண்டாம். சி.பி.ஏ.பி. எழுதவே கடந்த பத்து வருடத்துக்குள் 7,500 மணி நேரம் இந்த வேலை செய்திருக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் போட்டாலும் 900 வேலை நாளுக்கு மேல். அதற்குக் கீழே உள்ள சி.சி.பி.ஏ.வுக்கும் 3,750 மணி நேரம். இந்த வரிசையில் அனுபவம் கேட்காதது ஆரம்பநிலை இ.சி.பி.ஏ. மட்டும்தான். இல்லாவிட்டால் பி.சி.எஸ். என்ற பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் அடிப்படைச் சான்றிதழ். அதுவும் இப்போதைக்கு அவசரமில்லை. உங்கள் குறை சான்றிதழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்டர்வியூவில் கேட்ட ஒரு கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் அப்படியே எழுதுங்கள் பார்ப்போம்.

நிலாவெளிக் கணக்குப்பிள்ளை:
"வாடிக்கையாளர் ஒருவர் ஊழியர்கள் லீவு எடுப்பதற்கு ஆப் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவீர்கள்?" இதுதான் கேள்வி. லொகின் பக்கம், திகதி தெரிவு, மேலாளர் ஒப்புதல் என்று ஒவ்வொரு திரையாகச் சொன்னேன். வண்ணம் கூடச் சொன்னேன் அக்கா.

உப்புவெளி அக்கா:
வண்ணம் வரைக்கும் போய்விட்டீர்களா! இங்கேதான் சறுக்கியிருக்கிறது. அவர்கள் பார்க்க நினைத்தது நீங்கள் என்ன வரைவீர்கள் என்பதை அல்ல, என்ன கேட்பீர்கள் என்பதை. இப்போது லீவு எப்படி எடுக்கிறார்கள்? எங்கே சிக்குகிறது? யாருக்கு நட்டம்? ஆப் வந்தபின் எது மாறினால் "சரி, வேலை முடிந்தது" என்பார்கள்? ஒருவேளை ஒரே கிழமையில் பாதிப் பேர் லீவில் போவதுதான் அவர்களின் தலைவலியாக இருக்கலாம். அப்படியானால் லொகின் பக்கம் கடைசிக் கவலை.

இப்போது உங்கள் ஹோட்டலுக்கு வாருங்கள். அங்கே முன்பதிவில் ஏதாவது குழப்பம் வந்து நீங்கள் சரிசெய்ததுண்டா?

நிலாவெளிக் கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை சீசன். போனில் ஒரு பதிவு, வாட்ஸ்அப்பில் ஒன்று, இணையத் தளத்தில் ஒன்று. ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் சூட்கேஸோடு வந்து நிற்கும். முதலாளி "நமக்கென்று ஒரு ஆப் செய்வோம்" என்றார். ஒரு கிழமை எல்லாப் பதிவையும் எழுதிப் பார்த்தேன். மோதியவற்றில் முக்கால்வாசி, இரவுக் காவலுக்கு நிற்கும் அண்ணா போனில் எடுத்துக் கொப்பியில் எழுதியவை. காலையில் யாரும் அந்தக் கொப்பியைப் பார்ப்பதில்லை. எல்லோரும் போனிலேயே திறக்கிற ஒரே கூகுள் நாட்காட்டியாக மாற்றினோம். ஆப் செய்யவில்லை.

உப்புவெளி அக்கா:
பிள்ளை, இதைத்தான் அனலிஸ்ட் வேலை என்கிறோம்! இது உங்கள் சீ.வி.யில் இருக்கிறதா?

நிலாவெளிக் கணக்குப்பிள்ளை:
"முன்பதிவுகளைக் கையாளல்" என்று ஒரு வரி.

உப்புவெளி அக்கா:
அந்த வரியை வெட்டிவிட்டு நடந்ததை எழுதுங்கள். பழைய முறையையும் புதிய முறையையும் இரண்டு படமாக வரையுங்கள். காவலாளி, வரவேற்பு மேசை, முதலாளி என்று ஆளுக்கொரு கோடு பிரித்து, பதிவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று காட்டினால் போதும். அப்புறம் ஒரு யூசர் ஸ்டோரி, அதாவது யாருக்கு என்ன, எதற்காக வேண்டும் என்று ஒரே வரியில்: "வரவேற்பு மேசையில் இருப்பவராக, ஓர் அறை எந்த வழியில் பதிவானாலும் உடனே அது மூடப்பட்டதாக எனக்குத் தெரிய வேண்டும், ஒரே அறையை இருவருக்குக் கொடுக்காமல் இருக்க." அதன்கீழ், அது நிறைவேறியதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று மூன்று வரி. இன்டர்வியூவில் இதைத் திரையில் காட்டிப் பேசுங்கள். சொந்தக் கதையைச் சொல்லும்போது ஆங்கிலமும் அவ்வளவு தடுமாறாது. ஹோட்டல் மென்பொருள் செய்யும் கொம்பனிகளைத் தேடிப் போடுங்கள், அங்கே உங்கள் மூன்று வருடமும் அனுபவம்தான்.

கோட்டைவாசல்:
மேலே ஜாவா சொன்னதற்கு மன்னியுங்கள். நான் டெஸ்டிங் பக்கம். எங்கள் டீமில் இருந்தும் இரண்டு பேர் அனலிஸ்ட் ஆனார்கள், அதுவும் ஒரு வழிதான்.

நிலாவெளிக் கணக்குப்பிள்ளை:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். நான்காவது இன்டர்வியூவில் அந்தப் படத்தைக் காட்டினேன். காவலாளி அண்ணாவின் கொப்பியைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டார்கள்! இரண்டாம் சுற்று வரும் வியாழன், நேரில். பயிலுநர் அனலிஸ்ட், மொத்தம் 100,000 என்றார்கள்: அடிப்படை 60,000, மீதி கொடுப்பனவு. இது சரியா? இங்கே எடுப்பது 70,000, ஆனால் வீட்டுச் சாப்பாடு.

உப்புவெளி அக்கா:
எந்தெந்தக் கொடுப்பனவுக்கு ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) கணக்கிடுவார்கள் என்று கேளுங்கள். அடிப்படைக்கு மட்டும் என்றால் உங்களிடம் 8 வீதம், 4,800 கழியும், கையில் 95,200. கொம்பனி 12 வீதம், 7,200 போடும். முழு இலட்சத்துக்கும் என்றால் கையில் 92,000தான், ஆனால் மாதம் 12,000க்குப் பதில் 20,000 உங்கள் கணக்கில் சேரும். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் முதல் வருடம் மிச்சம் பிடிக்க ஏலாது. அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், நிரந்தரமாக்கும்போது சம்பளத்தைத் திரும்பப் பார்ப்பார்களா, இரண்டையும் கேளுங்கள். சீனியர் ஆனபின் புரொடக்ட் ஓனர் (மென்பொருளில் எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பவர்) பக்கமோ புரொஜெக்ட் மனேஜர் பக்கமோ பிரியலாம். அது பிறகு யோசிக்கிற கதை.

நிலாவெளிக் கணக்குப்பிள்ளை:
நன்றி அக்கா. வியாழன் காலை ஒன்பதுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். புதன் இரவு பஸ்ஸில் வந்தால் சரியா?

உப்புவெளி அக்கா:
சரி. விடியவே வந்து இறங்கிவிடுவீர்கள், பஸ் நிலையத்தில் இருந்து காய வேண்டாம். நான் கொழும்பில், வெள்ளவத்தையில்தான். இன்பொக்ஸில் நம்பர் போடுகிறேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வரும்போது லப்டொப் சார்ஜரை மறக்காதீர்கள்.