பூனைகளைக் காசிமேட்டில் விடச் சொல்கிறார்கள், வேறு வழி உண்டா?

பெரம்பூர் வாசி:
எங்கள் அபார்ட்மென்டில் பூனைகள் பெருகிவிட்டன. பைக் சீட்டெல்லாம் கீறல், படிக்கட்டில் மூத்திர நாற்றம், ராத்திரி முழுக்கக் கத்தல். கோணியில் பிடித்துக் காசிமேடு மீன் மார்க்கெட்டில் விடலாம், அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்கிறார் அசோசியேஷன் செயலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாற்று வழி சொல்லவும் தெரியவில்லை.

கருவாட்டு அக்கா:
தம்பி, காசிமேட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதுசை அண்டவிடாது. இங்கேயோ குப்பையும் மிச்சச் சோறும் அப்படியே இருந்தால், பக்கத்துத் தெருப் பூனைகள் குடிவந்துவிடும். பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழி.

பெட்டைகளை முதலில் பிடியுங்கள். நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும், சினைக்காலம் இரண்டே மாதம், பால் கொடுக்கும்போதே அடுத்தது தரிக்கும். ஒரு கடுவன் மிச்சமிருந்தாலும் எல்லாவற்றையும் சினையாக்கிவிடும்.

முதலில் சில நாள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு வையுங்கள். பிடிப்பதற்கு முந்தின நாள் எல்லோரும் நிறுத்த வேண்டும். மூன்றாவது மாடிப் பாட்டி ரகசியமாகப் பால் ஊற்றினால் கூண்டு காலிதான்! உள்ளே வறுத்த நெத்திலிக் கருவாடு. விலை உயர்ந்த டின் மீனெல்லாம் இதற்கு ஈடாகாது. கதவு விழுந்ததும் பழைய லுங்கியால் மூடுங்கள், இருட்டில் அடங்கிவிடும். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசிக்கு ஓடுங்கள்.

மயக்கத்தில் இருக்கும்போதே தடுப்பூசி போட்டு, இடது காது நுனியை வெட்டிவிடச் சொல்லுங்கள். கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம், அதே பூனையை மறுபடி பிடித்து அலைய வேண்டியிருக்காது.

வெட்னரி மாணவன்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூண்டில் விழுந்த பெட்டைக்குக் காம்பு பெரிதாகி, சுற்றி முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. அதை உடனே திறந்துவிட்டு, குட்டிகள் பால் மறந்த பிறகு பிடியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

பெரம்பூர் வாசி:
நன்றி. செலவு யார் தலையில் என்பதுதான் அடுத்த சண்டை. மருந்து வைத்துவிடலாம் என்று ஒருவர் முணுமுணுக்கவும் செய்கிறார்.

கருவாட்டு அக்கா:
அவருக்குப் பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை. செலவுக்கு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். உங்களுக்குப் பக்கம்தானே. மீதியைப் பராமரிப்புப் பணத்தில் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்தால் கத்தல் நிற்கும், கடுவன்களின் நாற்றமும் போகப்போகக் குறையும். கீறல் மட்டும் போகாது. பைக் சீட்டுக்குக் கவர் வாங்கிப் போட்டுவிடுங்கள்.