கிமோவிச் என்ன பெயர்? தந்தைவழிப் பெயரா, தந்தையடிப் பெயரா?

அனைவருக்கும் வணக்கம்.

சதுரங்கப் போட்டிகளை நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர் விவரப் பக்கத்தில் பெயருக்கு மட்டும் மூன்று பெட்டிகள். முதல் இரண்டும் ஒருவருக்கு வைத்த பெயருக்கும் குடும்பப்பெயருக்கும். அதில் மூன்றாவது, ரஷ்யர்களை நினைத்து வைத்த 'பேட்ரோனிமிக்' பெட்டி, அதாவது கிம்மின் மகன் 'கிமோவிச்' ஆவதுபோல அப்பாவின் பெயரிலிருந்து உருவாகும் பெயருக்கு. அதற்குத்தான் சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> முதல் இரண்டு பெட்டிகளுக்கும் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று போட்டால் போதுமே?

சதுரங்கத்தில் இது நிற்காது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷிடம் உலகப் பட்டத்தை இழந்த டிங் லிரெனுக்கு 'டிங்'தான் குடும்பப்பெயர், அது முன்னால் வருகிறது. ஹங்கேரியிலும் அப்படித்தான். நாம் யூதித் போல்கார் என்று எழுதுகிறவர் அவருடைய நாட்டில் போல்கார் யூதித். பெயர் நிற்கும் இடம் ஊருக்கு ஊர் மாறும், அதை வைத்துக் கலைச்சொல் ஆக்கக்கூடாது.

> குலப்பெயர் என்பது பழகிய சொல்தானே?

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பெயரின் வாலை வெட்டி, அப்பா பெயரின் முதலெழுத்தோடு நின்றுகொண்ட சமூகம் இது. போட்டிக்குப் பெயர் கொடுக்க வரும் பத்து வயதுக் குழந்தையின் முன்னால் 'குலப்பெயர்' என்று ஒரு பெட்டியை நீட்டுவது, வெட்டியதைத் திரும்ப ஒட்டித் தா என்று கேட்பது மாதிரி. குடும்பப்பெயர் என்றே இருக்கட்டும்.

'இயற்பெயர்' இலக்கணத்தில் இருக்கிற சொல்தான், ஆனால் இன்றைக்குப் புனைபெயருக்கு எதிர்ச்சொல்லாகிவிட்டது. புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம் என்றுதான் எழுதுகிறோம். அதனால் 'இட்டபெயர்' என்று வைத்திருக்கிறேன். இதை யாரும் மறுக்கவில்லை, சரி.

இனி மூன்றாவது பெட்டி.

நம் ஆட்டக்காரர்கள் மூவரை எடுத்துக்கொள்வோம். வி. ஆனந்த், ஆர். பிரக்ஞானந்தா, டி. குகேஷ். மூவரும் சென்னைக்காரர்கள், மூவருக்கும் ஒற்றை இனிஷியல். பார்வைக்கு ஒரே அமைப்பு. 'வி' என்பது விஸ்வநாதன், ஆனந்தின் அப்பா. 'ஆர்' என்பது ரமேஷ்பாபு, பிரக்ஞானந்தாவின் அப்பா. ஆனால் 'டி' குகேஷின் அப்பா இல்லை. அவர் பெயர் ரஜினிகாந்த். 'டி' என்பது தொம்மராஜு, தெலுங்கில் இன்டிபேரு என்கிற வீட்டுப்பெயர், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குவது. கோனேரு ஹம்பியின் 'கோனேரு'வும் இந்த வகைதான். ஆக, ஒரே மாதிரி தெரிகிற இனிஷியலுக்குள் இரண்டு வேறு பெயர் வகைகள் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த வேறுபாடு தெரியாததால் என்ன ஆகிறது என்பதற்கு ஆனந்தே சாட்சி. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இன்றும் அவரை 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அது அவருடைய அப்பாவின் பெயர்ச் சுருக்கம். 2013 நவம்பரில் சென்னையில் உலகப் பட்டத்துக்காக அவரும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் மோதியபோது பலகையில் ஒரு பக்கம் ஆனந்த், மறுபக்கம் கார்ல்சன். ஒன்று இட்டபெயர், மற்றது குடும்பப்பெயர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து உலகமே படித்தது.

'கார்ல்சன்' இன்னொரு பாடமும் சொல்கிறது. சொல்லுக்குப் பொருள் 'கார்லின் மகன்'. ஆனால் மாக்னஸின் தந்தை ஹென்ரிக். எப்போதோ ஒரு கார்லுக்குப் பிறந்தவர் தாங்கிய பெயர் உறைந்து, குடும்பத்தின் பெயராகிவிட்டது. குடும்பத்துக்கு ஒரே மாறாத பெயர் வேண்டும் என்று நார்வே 1923இல் சட்டமே போட்டது. ஐஸ்லாந்தில் அப்படி உறையவில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஃப்ரித்ரிக் ஓலாஃப்சன் உண்மையிலேயே ஓலாஃபூரின் மகன். அந்நாட்டு வழக்கப்படி அவருடைய மகளுக்கு வருவது 'ஃப்ரித்ரிக்ஸ்தோத்திர்', அதாவது ஃப்ரித்ரிக்கின் மகள். அங்கே தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதுகூட இட்டபெயர் வரிசையில்தான் இருந்தது.

எனவே ஒரு பெயர் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: அடுத்த தலைமுறைக்கு இது அப்படியே போகுமா, மாறுமா? பிரக்ஞானந்தாவும் அவர் அக்கா வைஷாலியும் இருவருமே 'ஆர்' என்பதால் அது குடும்பப்பெயர் போலத் தோன்றும். தமிழ் வழக்கப்படி பார்த்தால் அடுத்த தலைமுறையில் அது இருக்காது.

> தந்தைவழிப் பெயர் என்று போடலாம்.

பலரும் கேட்டது இதைத்தான். எனக்குத் தயக்கம் 'வழி' என்பதில். தந்தைவழி உறவு, தந்தைவழிச் சொத்து என்றால் பரம்பரையாக இறங்கி வருவது. தொம்மராஜுவும் தந்தைவழி வந்த பெயர்தானே! பிரிக்கவேண்டிய இரண்டையும் இந்தச் சொல் சேர்த்துவிடுகிறது.

> தந்தை பெயர் என்று எளிமையாக?

எந்த விண்ணப்பப் படிவத்திலும் இருக்கிற வரி. அதுதான் சிக்கல். முன்னாள் உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவின் முழுப்பெயர் கேரி கிமோவிச் காஸ்பரோவ். 'தந்தை பெயர்' என்று கேட்டால் 'கிம்' என்று எழுதவேண்டும். பெட்டி கேட்பது 'கிமோவிச்'சை, மகனின் சொந்தப் பெயரில் ஒரு பகுதியாகிவிட்ட உருவத்தை.

காஸ்பரோவின் கதை இந்த இடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது. 1963இல் பாக்கூவில் பிறந்தபோது அவர் குடும்பப்பெயர் வைன்ஸ்டைன். அப்பா கிம், சிறுவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். பிறகு அம்மா வீட்டின் ஆர்மீனியப் பெயரான காஸ்பரியானை ரஷ்ய வடிவில் 'காஸ்பரோவ்' என்று வைத்துக்கொண்டார். குடும்பப்பெயர் அடியோடு மாறியது, கிமோவிச் அசையவில்லை. ரஷ்யாவில் மரியாதையாகக் கூப்பிடுவதும் இட்டபெயரோடு இதைச் சேர்த்துத்தான்: கேரி கிமோவிச். அவருடைய அம்மா கிளாரா ஷகேனோவ்னா, ஷகேனின் மகள்.

என் பரிந்துரை: தந்தையடிப் பெயர். வினையடியாகப் பிறந்த பெயர், பெயரடியாகப் பிறந்த வினை என்று இலக்கண வகுப்பில் சொல்வோமே, அந்த 'அடி'. தந்தையின் பெயரை அடியாகக் கொண்டு பிறந்த பெயர். இதே அச்சில் தாயடிப் பெயர், ஊரடிப் பெயர், தொழிலடிப் பெயர் எல்லாம் வார்க்கலாம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

மறு: பேட்ரோனிமிக்

தம்பி, வணக்கம்.

நல்ல ஆராய்ச்சி. யாழ்ப்பாணத்திலும் தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதுதான் வழமை. எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் 'வி', தகப்பனார் வேலுப்பிள்ளை.

ஆனால் நீங்கள் ரஷ்யாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் போன அளவுக்கு வீட்டுக்குள் பார்க்கவில்லை. புகளூர்க் கல்வெட்டில் கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை நிற்கிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், தகப்பன், பிள்ளை என்ற ஒழுங்கு இருக்கிறது. இன்றைய இரட்டை இனிஷியலின் ஒழுங்கும் அதுதான். தொல்காப்பியர் இதற்குப் புணர்ச்சி விதியே சொல்கிறார், 'மக்கள் முறை தொகூஉம் மருங்கினான' என்று. சாத்தனின் மகன் கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவான். மறுதலையாக, பிள்ளையின் பெயரால் தகப்பனைச் சொல்ல ஆதனோடு தந்தை சேர்ந்தால் 'ஆந்தை', ஆதனின் தகப்பன். பிசிராந்தையாரின் ஆந்தை அதுதான்.

ஆகவே 'மக்கள்முறைப் பெயர்' என்று வைத்தால் என்ன? தகப்பன், தாய் இருவருக்கும் பொருந்தும். 'தந்தையடி', 'தாயடி' என்பவை காதுக்கு அடிப்பதுபோல் கேட்கின்றன. பிள்ளைகள் பார்க்கும் திரை அல்லவா?

---

மறு: மறு: பேட்ரோனிமிக்

ஐயா, வணக்கம்.

சாத்தங்கொற்றனைக் காட்டியதற்கு நன்றி. நடுவில் வரும் அந்த 'அம்' சாரியை, கிமோவிச்சின் கடைசியில் வரும் 'ஓவிச்' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. சாரியையை விட்டுவிட்டு இப்போது ஒற்றை எழுத்தை முன்னால் நிறுத்துகிறோம். ஆகவே ரமேஷ்பாபு இந்தப் பெட்டிக்கு உரியவர்தான் என்பதில் எனக்கு இப்போது தயக்கமே இல்லை. முன்பு நான் ரஷ்யர்களுக்கு மட்டும் திறப்பதாக நினைத்திருந்த பெட்டி, நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் பயன்படப்போகிறது.

'மக்கள்முறை' அழகான சொல். ஆனால் இன்று மக்கள் என்றால் பொதுமக்கள். படிவத்தில் பார்ப்பவர் 'மக்கள் கூப்பிடும் பெயர்' என்று பட்டப்பெயரை எழுதிவிடுவார். 'முறைப்பெயர்' என்பதும் இலக்கணத்தில் அப்பா, அண்ணன் போன்ற உறவுச்சொற்களுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

'அடி' பற்றி நீங்கள் சொன்னதை அலட்சியம் செய்யவில்லை. வீட்டில் படித்துக் காட்டினேன். 'தந்தையடி' என்று தனியாக நிறுத்தினால் இடறுகிறது, 'தந்தையடிப் பெயர்' என்று முழுதாகச் சொன்னால் இடறவில்லை. காலடி, வேரடி, வினையடி என்று நல்ல அடிகளும் நமக்கு நிறைய உண்டு. எனவே எங்கும் சுருக்காமல் முழுதாகவே போடுகிறேன்.

தாயைப் பற்றிச் சொன்னது மிக முக்கியம். ஐஸ்லாந்துக் கால்பந்து வீரர் ஹெய்தார் ஹெல்குசன், ஹெல்கா என்ற தாயின் மகன். இங்கும் தாயின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் தலைப்பை 'தந்தையடிப் பெயர் / தாயடிப் பெயர்' என்று வைத்து, கீழே சிறிய எழுத்தில் இப்படி ஒரு குறிப்புக் கொடுக்கிறேன்:

"உங்கள் பெயரோடு சேர்ந்து வரும் தந்தை அல்லது தாயின் பெயர் (எ.கா. ரமேஷ்பாபு, கிமோவிச்). தலைமுறை மாறாமல் வரும் வீட்டுப்பெயராக இருந்தால் குடும்பப்பெயர் பெட்டியில் எழுதவும் (எ.கா. தொம்மராஜு). குடும்பப்பெயர் இல்லாதவர்கள் அந்தப் பெட்டியை வெறுமையாக விடலாம்."

கடைசி வரிக்காக மென்பொருள் எழுதுபவர்களிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன். இப்போது குடும்பப்பெயர் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அதை அவர்கள் மாற்றினால்தான் இந்தச் சொற்களுக்கு வேலை இருக்கும்.

'ஆந்தை' போலப் பிள்ளையின் பெயரை அடியாகக் கொண்ட பெயரைக் கலைச்சொல் பட்டியலில் 'மகவடிப் பெயர்' என்று சேர்த்திருக்கிறேன். பெட்டி எதுவும் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் பட்டியலில் இருக்கட்டும்.