அந்தக் கோடாலியை விட்டால் வேறு படமே இல்லையா?

குளக்கட்டு:
இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரைப் பற்றி, "வேடரின் படத்தை நாடு தன் முகமாகக் காட்டுவதே அவர்களுக்குப் பெருமை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எந்தச் சுற்றுலாப் படத்திலும் வேடர் ஊரான தம்பானையின் முதியவர், தாடி, தோளில் கோடாலி. கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் தமிழ் பேசி, சேர்ட் போட்டு, மீன் பிடிக்கிற வேடரை யார் படம் எடுத்தார்கள்?

பாலையடி:
அண்ணை, கோடாலி வெள்ளைக்காரன் கொடுத்ததில்லை. வேடர் தலைவர் ஊருவரிகே வன்னியல அத்தோவே பொது நிகழ்ச்சிகளுக்குக் கோடாலியோடுதான் வருகிறார். அவருக்கு இல்லாத ரோசம் உங்களுக்கு எதற்கு?

குளக்கட்டு:
அவர் வைத்திருப்பது அவர் உரிமை தம்பி. 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கி அவர்களின் வேட்டைக்காட்டை மூடிய நாடு, கோடாலியை மட்டும் படத்தில் விட்டுவைத்தது ஏன்? அதே கோடாலியோடு உள்ளே போய் ஒரு தடி வெட்டினால் பிடிப்பார்கள்.

மாங்குளத்தான்:
வன்னியல அத்தோ என்றால் காட்டு மனிதர். அந்தப் பெயரிலேயே வடக்கில் இருக்கும் எங்கள் வன்னி நிலத்தின் பெயர் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

பாலையடி:
தொடங்கிவிட்டார். வன்னியர் எங்கள் வன்னியை ஆண்ட சிற்றரசர். பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன், அவனைக் கோடாலியோடு சேர்க்க வேண்டாம்.

குளக்கட்டு:
பார்த்தீர்களா, இப்போது கோடாலி கூசுகிறது! அடுத்தவன் தோளில் இருந்தால் பெருமை, எங்கள் தோளுக்கு வந்தால் அவமானம். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னி என்றாலே ஒரே படம்தான், முட்கம்பிக்குப் பின்னால் நிற்கும் சனம். போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்த செட்டிகுளம் முகாமில் நானும் நின்றவன். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் வயல் விதைத்தோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், கலியாணம் கட்டினோம். அந்தக் கம்பிவேலிதான் உங்கள் முகம், பெருமைப்படுங்கள் என்று யாராவது சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

பாலையடி:
முகாமை இழுத்தால் வாயை மூடுவேன் என்று நினைத்தீர்களோ? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், என்னை ஊருக்கு வராதவன் என்று எழுதினீர்கள். மறக்கவில்லை.

மாங்குளத்தான்:
நீங்கள் அப்போது கொழும்பில்தானே இருந்தீர்கள்.

பாலையடி:
வேலைக்குப் போனவன் ஊரான் இல்லையா?

குளக்கட்டு:
பொங்கலை விடுங்கள். கோடாலிக்குப் பதில் சொல்லுங்கள்.

பாலையடி:
சொல்லியாயிற்று. அது அவர்களுடையது.

குளக்கட்டு:
காடும் அவர்களுடையதுதான். அதை எந்தப் படத்தில் போட்டிருக்கிறார்கள்?

மாங்குளத்தான்:
வன்னி என்ற சொல்லைப் பற்றிக் கேட்டேன், இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.